கனவும் நம்பிக்கையும் இலக்கும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பாடம் முடிந்ததும் பிள்ளைகளும், சில வேளை அவர்களோடு வரும் தாய்மாரும் கேட்கும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதே இல்லை. முக்கூடலிலிருந்து வருகிறவர் கேட்பதைத்தான் வள்ளியூரிலிருந்து வருகிறவரும் கேட்கிறார். ஆகவே அவற்றை அவரவர் பேச்சிலேயே எழுதி, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக எண் இட்டு வைத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் அதன் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கனவு, இலக்குன்னு ரெண்டா சொல்லுதீங்களே டீச்சர், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. "அரசு வேலைக்குப் போக வேண்டும்" என்பது கனவு. "தைப்பொங்கலுக்குள் குரூப் 4 பழைய வினாத்தாள்களின் தமிழ்ப் பகுதியில் 100 கேள்விக்கு 85ஐச் சரியாக எழுத வேண்டும்" என்பது இலக்கு. முன்னதில் நாளும் இல்லை, அளவும் இல்லை. ஆகவே அதை எட்டினோமா, பின்தங்கினோமா என்று ஒருநாளும் சோதித்துப் பார்க்க முடியாது.

எட்வின் லாக், கேரி லேத்தம் என்னும் உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து கண்டது இதுதான்: குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு, "முடிந்த அளவு செய்யுங்கள்" என்ற பொதுவான சொல்லைவிட நல்ல பலன் தருகிறது. லேத்தம் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரத்தடி ஏற்றும் லாரிக்காரர்கள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதமே ஏற்றி வந்தார்கள். 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னதும், கூலியில் காசு கூட்டாமலே, சில மாதங்களில் 90 சதவீதத்தை எட்டினார்கள்.

2. மனசார நம்புனா தானா நடக்கும்னு யூடியூபில சொல்லுதாங்களே, நெசமா?

தானாக எதுவும் நடப்பதில்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனிச் சமாசாரங்கள் கலந்து கிடக்கின்றன. "நான் இதுவரை செய்ததைப் பார்த்தால் என்னால் முடியும்" என்ற எதிர்பார்ப்பு ஒன்று. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வாசலில் ஜீப்பிலிருந்து இறங்குவதாகவும், அலுவலர்கள் எழுந்து வணக்கம் வைப்பதாகவும் கண்ணை மூடிப் பார்த்து மகிழும் கற்பனை மற்றொன்று. காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர், தாமஸ் வாடன் என்பவரோடு சேர்ந்து, உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களிடம் இவ்விரண்டையும் பிரித்து அளந்து 1991இல் வெளியிட்டார். முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது; மெலிந்த தோற்றத்தைக் கற்பனையில் கண்டு களித்தவர்களுக்கோ, அப்படிக் களிக்காதவர்களைவிட ஏறத்தாழ 11 கிலோ குறைவாகவே குறைந்தது.

காரணம் எளிது. கிடைத்துவிட்டதாக மனம் அனுபவித்துவிட்டால் உடம்பு ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வகைக் கற்பனைக்குப் பிறகு இரத்த அழுத்தமே சற்று இறங்குவதை அவர் 2011இல் வெளியான ஆய்வில் காட்டினார். கற்பனை செய்யத்தான் வேண்டும் என்றால், வேலையைக் கற்பனை செய்யுங்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்கியதாக மனத்தில் பார்த்தவர்களைவிட, மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து படிப்பதாக மனத்தில் பார்த்தவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள்.

3. அப்போ நல்லத நெனைக்கவே கூடாதுங்கீங்களா?

நினைக்கலாம், அதோடு நிறுத்தக் கூடாது. ஓட்டிங்கன் பரிந்துரைக்கும் முறை இது: விருப்பத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அது நிறைவேறினால் கிடைக்கும் நன்மையை ஒரு நிமிடம் நன்றாக மனத்தில் பாருங்கள். உடனே, அதைத் தடுக்கும் தடைகளில் உங்களுக்குள்ளேயே இருக்கும் ஒன்றை எழுதுங்கள். பிறகு அந்தத் தடை வரும்போது என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

மூன்றாவது படியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தடை என்ன என்று கேட்டால் "மின்வெட்டு", "பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்" என்று வரும். இன்னும் கொஞ்சம் கேட்டால்தான், "கணக்கைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, அதனால் தெரிந்த வரலாற்றையே திரும்பப் படிக்கிறேன்" என்பது வெளியே வரும். அதுதான் எழுத வேண்டிய வரி. இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. தடையை நேரில் பார்த்த பிறகு, உண்மையிலேயே எட்டாத விருப்பத்தை விட்டுவிடவும் மனம் துணிகிறது. அதைப் பற்றி 13ஆம் கேள்வியில் பேசுகிறேன்.

4. எனக்கு நம்பிக்கையே வரமாட்டேங்கு. அது வந்த பெறவு ஆரம்பிக்கலாமா?

அப்படியானால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் வகைப்படுத்தினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை என்று நான்கு ஊற்றுகள். இவற்றில் முதலாவதே வலுவானது. அதாவது நம்பிக்கையின் பெரும்பகுதி வேலைக்குப் பிறகு வருவது.

பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டபோது அவளுடைய தாயையே காட்டினேன். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஊறிய இலையைக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கும் அந்த விரல்கள் பேசிக்கொண்டே வேலை செய்கின்றன; பார்வைகூட இலையில் இல்லை. கற்றுக்கொண்ட நாளில் அந்த அம்மாளும் ஒரு கட்டுக்கு உரிய 25 பீடியைச் சுற்றி முடிப்பதற்குள் அலுத்துத்தான் போயிருப்பார். தினம் ஆயிரம் சுற்ற முடியும் என்ற நம்பிக்கையோடு அவர் அன்று உட்காரவில்லை.

இரண்டாவது ஊற்றைப் பற்றி ஒரு சொல். சென்னையிலோ டெல்லியிலோ வென்ற பிரபலத்தைவிட, உங்கள் தெருவில், உங்கள் பள்ளியில், உங்கள் வருமானத்தில் இருந்து போனவரைப் பாருங்கள். காருகுறிச்சி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து, நாதசுரத்தில் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிய அருணாசலம் (1921–1964) அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தரும் தைரியத்தை வெளியூர்ப் பேச்சாளர் தர முடியாது.

5. தெனமும் கண்ணாடி முன்னால நின்னு "என்னால முடியும்"னு நூறு தடவ சொல்லச் சொல்லுதாங்க. சொல்லலாமா?

ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஜோன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் தம்மைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்களைப் போன்றே இருந்தும் அதைச் சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்தார்கள். உள்ளே இருக்கும் குரல் "பொய்" என்று எதிர்வாதம் செய்யும் போலும். உங்களுக்கு அப்படித் தோன்றினால், மறுக்க முடியாத வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "போன வாரம் 25 கணக்கில் 11 சரி, இந்த வாரம் 14 சரி."

6. எலக்க எழுதி வச்சவங்க மட்டும் கோடீஸ்வரன் ஆனாங்கன்னு அமெரிக்காவுல ஆராய்ச்சி இருக்காமே?

யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றவர்களில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீதத்தினர், இருபது ஆண்டு கழித்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகம் சேர்த்தார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் போனவர்களிடம் பல்கலைக்கழகத் தரப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. எழுதுவது நல்லதுதான், அளந்து பார்ப்பதற்கு உதவும். நோட்டுக்கு மந்திர சக்தி கிடையாது.

7. கலெக்டர்னு வைக்கவா, வி.ஏ.ஓ.ன்னு வைக்கவா? எவ்வளவு பெருசா வைக்கணும்?

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இருப்பைப் பார்த்த பிறகே கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதைப் பற்றி முடிவு செய்கிறார்கள். ஆசைப்பட்ட ஏக்கரையெல்லாம் உழுதுபோட்டுவிட்டு அணையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களும் முதலில் கையில் உள்ள நாள், பணம், அடிப்படைப் பாட அறிவு ஆகிய மூன்றையும் கணக்கெடுங்கள். குடிமைப் பணித் தேர்வைப் பொதுப் பிரிவினர் 6 முறையும் இதர பிற்படுத்தப்பட்டோர் 9 முறையும் மட்டுமே எழுதலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வயது வரம்புதான் எல்லை. குரூப் 4 மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, 300 மதிப்பெண்; பத்தாம் வகுப்புத் தகுதி போதும், கிராம நிர்வாக அலுவலர் பணியும் அதற்குள்ளேயே வருகிறது. இரண்டும் வெவ்வேறு காலமும் உழைப்பும் கேட்பவை.

1ஆம் பதிலில் கடினமான இலக்கே நல்லது என்றேன். அது வேலை தெரிந்தவருக்குப் பொருந்தும். பாடமே புதிது என்றால் மதிப்பெண்ணை இலக்காக வைக்காமல் கற்றலை இலக்காக வைக்க வேண்டும் என்று லேத்தமே சொல்கிறார்: "இந்த மாதம் விகிதம், சதவீதம், வட்டி ஆகிய மூன்று பாடங்களில் எல்லா வகைக் கணக்கையும் புரிந்துகொள்வேன்" என்பது போல. தரவரிசை உங்கள் கையில் இல்லை, மற்ற லட்சக்கணக்கானவர்கள் கையிலும் இருக்கிறது; ஆகவே அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் இந்த வாரத்து வேலையை எழுதுங்கள். எவ்வளவு நாளாகும் என்று மதிப்பிடுகிறீர்களோ அதோடு பாதியையும் கூட்டிக்கொள்ளுங்கள். தன் வேலைக்கான காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979லேயே எழுதினார்கள்.

8. அட்டவணை போட்டா மூணு நாளு ஓடுது, நாலாம் நாள் படுத்துருது. என்ன செய்ய?

பெரும்பாலான அட்டவணைகளில் "மாலை 6 முதல் 9 வரை படிப்பு" என்று இருக்கிறது. ஆறு மணிக்கு நீங்கள் எங்கே, எந்த வேலையில் இருப்பீர்கள் என்பது இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதற்கு "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்ற வாக்கிய வடிவத்தைப் பரிந்துரைத்தார். 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த ஒரு வாக்கியம் இலக்கை எட்டுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்குவது தெரிந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை ரயிலில் வரும் மாணவர் ஒருவருக்கு நாங்கள் எழுதியது: "கல்லிடைக்குறிச்சியில் வண்டி நின்றதும் பையிலிருந்து நடப்பு நிகழ்வுக் குறிப்பை எடுப்பேன், நண்பர்கள் பேச்சுக்கு இழுத்தால், சேரன்மகாதேவிக்குப் பிறகு வருகிறேன் என்பேன்." இரண்டாவது பாதியைக் கவனியுங்கள், 3ஆம் பதிலில் எழுதிய தடைக்கான விடை அதுதான். தடைக்கு வாக்கியம் இல்லாத அட்டவணை நான்காம் நாள் படுக்கத்தான் செய்யும்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. கொடை விழாவுக்கு ஊருக்குப் போய்வந்தேன், எல்லாம் போயிற்று என்று யாரும் நோட்டை மூடிவைக்க வேண்டியதில்லை.

9. வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்ங்காங்க எங்க ஆச்சி. சொல்லலாமா, கூடாதா?

ஆச்சி சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை, அறிவுரையில் பாதியை ஏற்கிறேன். "நான் இப்படி ஆகப்போகிறேன்" என்று அறிவித்து, கேட்டவர் அதை ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு அதற்காகச் செலவிடும் உழைப்பு குறைகிறது என்று கோல்விட்சர் குழுவினர் 2009இல் சட்ட மாணவர்களிடமும் மற்றவர்களிடமும் கண்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் "வருங்கால டிஎஸ்பி" என்று கூப்பிடத் தொடங்கியதும் பாதிப் பசி அடங்கிவிடுகிறது.

மறுபுறம், செய்த வேலையை எழுதி வைப்பதும் பிறரிடம் தெரிவிப்பதும் உதவுவதாக 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை காட்டியது. ஆகவே ஆகப்போவதை ஊருக்குச் சொல்லாதீர்கள். வாரத்தில் செய்ததைக் கண்டிப்பான ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்.

10. எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு. அப்பளக் கடை போடணும்னு ஆசை. இனிமே என்ன கனவு டீச்சர்?

தேர்வுக்குத்தான் வயது வரம்பு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத்தோடு கடன் பெற 18 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். கடனுக்கு முன்னால் சிறிய இலக்கு ஒன்று வையுங்கள்: இந்த மாதம் பத்துக் கிலோ உளுந்த மாவு, உறவினர் அல்லாத பத்து வாடிக்கையாளர். அவர்களில் எத்தனை பேர் மறுமுறை கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். தடை வாக்கியத்தை மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் எங்கே காயும்?

11. நாங்க பீடி சுத்தி சாப்பிடுத வீடு. நம்பிக்கை மட்டும் இருந்தா போதுமா?

போதாது. போதும் என்று சொல்பவர் பெரும்பாலும் மண்டபம் பிடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார். பணமும் நேரமும் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை தோற்றால் அதற்கு அவளுடைய எண்ணத்தைக் குறைசொல்வது அநியாயம். படிப்பதற்கு விளக்கும் மேசையும் அமைதியான இரண்டு மணி நேரமும் வேண்டும். அவை எல்லா வீட்டிலும் இல்லை.

ஆகவே உங்கள் இலக்கின் முதல் பகுதி உதவிகளைப் பெறுவதாக இருக்கட்டும், அதற்கும் நாள் குறியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது, 2022இல் தொடங்கிய இது, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. அதற்குத் தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும், அது பல வீடுகளில் எடுக்கப்படாமலே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் நடப்பில் உள்ளது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம். வீட்டில் இடமில்லாதவருக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நாற்காலி இருக்கிறது.

இவ்வளவும் சேர்ந்தாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோடு சமமாகிவிடாது. அந்த இடைவெளியைக் காலக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 7ஆம் பதிலில் கூட்டச் சொன்ன பாதியோடு இன்னும் கொஞ்சம்.

12. அப்பா ஆச ஒண்ணு, என் ஆச ஒண்ணு. யாரு கனவுக்கு ஓட?

தானே விரும்பியோ மதித்தோ எடுத்த இலக்குக்கு மனிதர்கள் நெடுநாள் உழைக்கிறார்கள், குற்ற உணர்வாலோ வற்புறுத்தலாலோ எடுத்ததை இடையில் விடுகிறார்கள் என்பது ஷெல்டன், எலியட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். ஆனால் இதை அப்பாவிடம் வாதமாக வைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பெரும்பாலான அப்பாக்களின் அச்சம் சோற்றைப் பற்றியது. "ஒளிப்படக் கலைஞன் ஆவேன்" என்று சொல்வதைவிட, "ஓராண்டுக்குள் நான்கு கல்யாண வேலை எடுப்பேன், முடியாவிட்டால் நீங்கள் சொல்லும் படிப்பில் சேர்வேன்" என்று சொல்லிப் பாருங்கள். அளவும் நாளும் உள்ள பேச்சை அவர்கள் மதிக்கிறார்கள். அப்பா சொல்வதும் உங்களுக்குப் பிடித்திருக்கலாம், அதையும் ஒருமுறை நேர்மையாக யோசியுங்கள்.

13. மூணு தடவ எழுதியாச்சு. விடவா, இன்னும் ஒரு தடவ பாக்கவா?

கேள்விகளில் கடினமானது இது. ஆள் யார் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று சொல்லலாம். "மூன்று வருடம் போட்டாயிற்றே" என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது. போன வருடங்கள் விட்டாலும் திரும்பா, தொடர்ந்தாலும் திரும்பா. மூன்று முறையின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஏறிக்கொண்டே வந்து சிறிய இடைவெளியில் நிற்கிறதா, ஒரே இடத்தில் கிடக்கிறதா? ஒரே இடத்தில் கிடந்தால், நான்காம் முறை எதை மாற்றிச் செய்வீர்கள் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது இன்னொரு முயற்சி ஆகாது, பழையதன் நகல்தான்.

எட்டாத இலக்கை விட்டு வேறொன்றில் ஈடுபட முடிந்தவர்களின் மனநலம் நன்றாக இருப்பதாகக் கார்ஸ்டன் ராஷ் முதலானோர் 2003இல் எழுதினார்கள். இதில் "வேறொன்று" என்பதே முக்கியம். விட்டுவிட்டுச் சும்மா இருப்பது தொடர்வதைவிடக் கொடுமை. ஆகவே அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே, இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் இந்த வேலைக்குப் போவேன் என்று எழுதி, 9ஆம் பதிலில் சொன்ன கண்டிப்பான அந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு வெளியான இரவில் எடுக்கும் தீர்மானம் எதுவும் தீர்மானமாகாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தேர்வுப் பேச்சையே நிறுத்துங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

14. ஜெயிச்சவங்க எல்லாரும் "நம்புனேன், நடந்துச்சு"ன்னுதான சொல்லுதாங்க? அவங்க பொய்யா சொல்லுதாங்க?

பொய் சொல்லவில்லை. அவர்கள் நம்பியதும் உண்மை, நடந்ததும் உண்மை. ஆனால் அதே அளவு நம்பி, அதே நூலகத்தில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மதிப்பெண்ணில் தவறியவரை எந்தப் பாராட்டு விழாவுக்கும் யாரும் அழைப்பதில்லை. மேடையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால், நம்பிக்கைதான் காரணம் என்று தோன்றத்தான் செய்யும். தோற்றவர்களிடமும் அது இருந்ததா என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும்.

வென்றவர் ஊருக்கு வரும்போது கட்டாயம் போய்ப் பாருங்கள். "எப்படி நம்பினீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எந்தப் பாடத்தை விட்டுவிட்டீர்கள், எத்தனை வினாத்தாள் எழுதிப் பார்த்தீர்கள், அந்த வருடங்களில் சாப்பாட்டுச் செலவை யார் பார்த்தார்கள், இந்த முறையும் கிடைத்திருக்காவிட்டால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேளுங்கள். பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டு, தவறிய அந்த அடுத்த நாற்காலிக்காரரிடமும் இவற்றையே கேளுங்கள்.